“ணும்” எங்கிருந்து வருகிறது என்று கேட்டவள்

செய்தி வந்தபோது நான் பழனியில், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கேன்டீனில் தோசைக்காகக் காத்திருந்தேன். முருகேசன் பேசினான். என் தோழி கனகாவின் தம்பி. “அக்கா, எங்கக்கா போயிருச்சுக்கா. மதுரையிலேர்ந்து கொண்டாந்துக்கிட்டு இருக்கோம். வெரசா வந்துருங்க.” அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. தோசை வந்தது. அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கனகவல்லியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளிடம் படித்த பிள்ளைகள், அவளோடு வேலை பார்த்த ஆசிரியர்கள், கொடைக்கானலிலிருந்து அவள் ஊரான கவுஞ்சிக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இறங்க முடியாமல் போனவர்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது அறுவைச் சிகிச்சையை உடம்பு தாங்கவில்லை. நாற்பதைக்கூட அவள் தொடவில்லை. ஆனாலும் இதை இரக்கம் வரும்படி எழுதினால் அவளுக்கே பிடிக்காது. அவளோடு கழித்த பொழுதெல்லாம் எனக்கு ஏதோ நடக்கப்போகிறது என்ற பரபரப்பாகவே இருந்தது. அதைத்தான் என்னால் எழுத முடியும்.

நாங்கள் இருவரும் கொடைக்கானலில் ஒரு சின்னக் கல்லூரியில் தத்துவத்தில் முதுகலை படித்தோம். வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் யார் கேட்டாலும் ஐந்து பேரும் பேச்சை மாற்றுவோம். முதல் பருவத்தில் ‘நார்மேட்டிவிட்டி’ என்று ஒரு தாள் இருந்தது. முதல் நாள் தேவசகாயம் சார் வந்து அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பலகையில் எழுதினார். உலகத்தில் ஒன்று இப்படி இருக்கிறது என்பது வேறு, இப்படி இருக்க வேண்டும் என்பது வேறு. அந்த ‘வேண்டும்’ எங்கிருந்து வருகிறது, அது ஏன் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இந்தப் பருவம் முழுக்க நம் கேள்வி என்றார். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சார், வரணும், போகணும், படிக்கணும், கல்யாணம் முடிக்கணும்னு எங்க வீட்டுல நாள் பூரா சொல்லுவாங்கல்ல? அதுல எல்லாத்துலயும் கடைசியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கே ஒரு ‘ணும்’. அதத்தான் படிக்கப் போறோமா?”

சார் பலகையில் இருந்த ஆங்கிலச் சொல்லை அழித்துவிட்டு, பெரிதாக ‘ணும்’ என்று எழுதினார். அன்றிலிருந்து எங்களுக்கு அது ‘ணும்’ பாடம்தான். அந்த மதியமே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கல்லூரிக்குப் போகும் பாதை ஏற்றம். கனகாவால் ஒரே மூச்சில் ஏற முடியாது. பாதி வழியில் மதில்மேல் கைவைத்து நின்றுவிடுவாள். நான் கவலையோடு பார்த்தால், “என்னைய பாக்காத. நேத்து சொன்னதுக்குப் பதில் சொல்லு. மூச்சு வாங்குற நேரந்தான் யோசிக்கிற நேரம்” என்பாள். எங்களுடைய நல்ல வாதங்கள் பாதியும் அந்த மதிலோரத்தில் நடந்தவை. வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்கு சார் கோபித்தால், எதைப் பேசிக்கொண்டு நின்றோம் என்று சொல்வாள். கோபித்தவர் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவார்.

அவளுடைய வாதம் இதுதான். தமிழில் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றால் அது ஆசை. ‘நீ உண்மை பேச வேண்டும்’ என்றால் அது கடமை. இரண்டுக்கும் ஒரே சொல். “இது சும்மா அமைஞ்சுதுன்னா நெனைக்கிற? கடமைன்னு நாம சொல்றதெல்லாம் அடியில ஆசைதான் புள்ள. தோண்டிக்கிட்டே போனா ஏதாவது ஒரு ஆசையில போய் நிக்கும். ஆசை இல்லாதவனுக்குக் கடமையும் இல்ல.” நான் மறுப்பேன். பல் பிடுங்க யாருக்கு ஆசை என்பேன். வலி போகணுங்கிற ஆசை என்பாள். பிடிக்காத உண்மையைக்கூட ஆதாரம் இருந்தால் நம்பித்தானே ஆகணும் என்பேன். உண்மை தெரியணுங்கிற ஆசை என்பாள். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதற்கடியில் ஓர் ஆசையைக் காட்டிவிடுவாள். இரண்டு ஆண்டுகள் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவள் தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

ஒரு பங்குனி உத்திரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடிவாரத்தில் அப்பா விபூதிக் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தாள். மொட்டை போட்டுவிட்டுச் சந்தனம் பூச வந்த ஓர் அம்மாவிடம், “அம்மா, நீங்க வேண்டிக்கிட்டது நடந்துச்சா?” என்றாள்.

“இல்லத்தா. இன்னும் நடக்கல.”

“பெறகு எதுக்கு முடி குடுத்தீங்க?”

“குடுக்கிறேன்னு சொல்லிட்டேன்ல” என்றார் அந்த அம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. கனகா என் கையை அழுத்திப் பிடித்தாள். வேண்டுதல் என்ற சொல்லே அவளுக்குச் சாட்சி: ஆசையில் தொடங்கி, கடமையில் முடிகிறது. எனக்கோ அந்த அம்மாவின் பதில்தான் சாட்சி: ஆசை நிறைவேறாவிட்டாலும் கடமை நிற்கிறதே! சாப்பிடக்கூடப் போகாமல் கடையிலேயே சண்டை போட்டோம். அப்பா திருநீற்றுப் பொட்டலத்தை எங்கள் இருவர் கையிலும் கொடுத்து, “மொதல்ல சோத்தத் தின்னுட்டு வாங்க. மத்ததெல்லாம் எங்கயும் போயிராது” என்று எழுப்பிவிட்டார்.

மறுநாள் மலையேறிக் கொடைக்கானலுக்குத் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. எதிரே மேலிருந்து இறங்கிய சுற்றுலாக் கார் ஒதுங்க மறுத்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பஸ் டிரைவர் கத்தினார். கார்க்காரர் ஹாரனை அழுத்தினார். வழியில் இருக்கும் பெருமாள்மலைக்கே போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரமோ என்று எல்லாரும் சலித்துக்கொண்டிருந்தபோது கனகா இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கார்க்காரரிடம் போய் மிகவும் சாந்தமாகக் கேட்டாள்: “சார், மலையில ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழிவிடணும். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியாதும்மா. எந்த போர்டுல எழுதியிருக்கு?”

“போர்டு இல்லதான். ஏத்தத்துல நிப்பாட்டுனா திரும்ப எடுக்கக் கஷ்டம், அதான் காரணம். இப்ப காரணம் தெரிஞ்சுருச்சில்ல? இப்ப ஒதுங்கணும்னு தோணுதா?”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று தேடினார், இல்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “தோணுது” என்றார், சிரித்துவிட்டார், காரைப் பின்னால் எடுத்தார். பஸ் முழுக்கக் கைதட்டியது. கனகாவுக்கு அதில் கவனமே இல்லை. “பாத்தியா புள்ள, தெரியுறதுக்கு முன்னாடியே அந்த ‘ணும்’ அவருமேல இருந்துச்சா, இல்ல தெரிஞ்ச நிமிசந்தான் வந்து ஏறுச்சா?” என்று கேட்டபடி படியேறினாள். அவள் யாரிடம் ‘ஏன்’ என்று கேட்டாலும் அதில் குத்தல் இருக்காது. அதனால்தான் பதில் கிடைத்தது.

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளி, பட்டம் கையில் இருந்தால் ஜூனில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பி.எட். ஏற்கெனவே முடித்திருந்தாள். கவுஞ்சியில் அந்த ஆண்டு மலைப்பூண்டு விலை விழுந்து கிடந்தது. அவள் அப்பா அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அவளும் படிவயல் வரப்பில் நின்று வாதம் செய்த சத்தத்தில், இரண்டு பெண்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று பக்கத்து வயல்காரர்கள் வந்துவிட்டார்கள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, “இதுக்கா பஸ் ஏறிப் போயிப் படிக்கிறீங்க? இத இங்கன நின்னே படிக்கலாமே” என்றார்.

வாய்மொழித் தேர்வு நடந்த நாள் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. நாங்கள் நால்வரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் ஓர் அம்மையார்; குரல் உயராமல் பேசுகிறவர். கனகா அருமையாகப் பேசினாள். முடியப்போகும் நேரத்தில் அவர் ஒன்று கேட்டார்.

“உங்கள் மூன்றாம் அத்தியாயப்படி, உண்மை தெரிய வேண்டும் என்ற ஆசை இல்லாத ஒருவருக்கு ஆதாரத்தை ஏற்கும் கடமை இல்லை. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

“இப்போது உங்களையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் பட்டம் வேண்டும். வேலை வேண்டும். இந்த அத்தியாயம் தவறு என்று நான் காட்டினால், அது தவறாக இருக்கக் கூடாது என்பதுதானே இந்த நிமிடம் உங்கள் ஆசை? அப்படியென்றால் நீங்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லையா?”

அதற்கு அவளிடம் தயாரான பதில் உண்டு. எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்: அடியில் வேறோர் ஆசை இருக்கும். வாய் திறந்தாள். நின்றுவிட்டாள். மேசையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து மூடவில்லை. அவளுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

“இருங்க மேடம், இருங்க” என்றாள். “நான் உள்ள தேடிப் பாத்தேன். எனக்கு இப்ப உண்மை வேணாம். நெசமாத்தான் சொல்றேன். பாஸ் ஆனாப் போதும்னுதான் இருக்கு, வேற ஒன்னுமே இல்ல. ஆனா ஒத்துக்கணும்னு தெரியுது. ஆசையே இல்லாத எடத்துல ‘ணும்’ மட்டும் தனியா நிக்குது மேடம்! அப்ப அது ஆசையிலேர்ந்து வரல.” அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. “என் மூணாவது அத்தியாயம் போச்சு!”

“மூன்றாவது மட்டுமா?” என்றார் அந்த அம்மையார்.

“நாலாவதும் போச்சு!” என்று கைகொட்டிச் சிரித்தாள் கனகா.

தேவசகாயம் சார் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மையாரும் சிரித்துவிட்டார். பிறகு, இப்படி ஒரு பதிலைத் தன் வாழ்க்கையில் கேட்டதில்லை என்றும், ஆய்வேட்டை உள்ளபடியே ஏற்றுத் தேர்ச்சி வழங்கத் தனக்குத் தடையில்லை என்றும் சொன்னார். சார் நிம்மதியாக நிமிர்ந்தார். நாங்களும்தான். கனகா மட்டும் தலையை ஆட்டினாள்.

“வேணாம் மேடம். தப்புன்னு இப்பத்தான் நானே சொன்னேன். அதுக்கு நானே எப்படிப் பட்டம் வாங்கிக்கிறது? திருப்பிக் குடுங்க. மாத்தி எழுதிக் கொண்டாறேன்.”

“ஜூன் போயிரும் கனகா” என்றார் சார், மெதுவாக.

“தெரியும் சார்.”

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். “பைத்தியமாடி நீ? அவங்களே குடுக்கிறேன்னு சொன்னாங்கல்ல? வீட்டுல என்ன சொல்லுவ?” அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கண் ஜொலித்தது. “வீட்டுல திட்டு வாங்கணும், அது கெடக்கட்டும். நீ செயிச்சுட்ட புள்ள! ரெண்டு வருசமா நீ சொன்னதுதான் சரி. எங்க தப்புன்னு இன்னிக்குத்தான் என் கண்ணுல பட்டுச்சு. உனக்குச் சந்தோசமா இல்லியா? எனக்கே இவ்வளவு சந்தோசமா இருக்கு!” என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள், என் வெற்றிக்காக. எதிராளி தோற்றதைக் கொண்டாட அந்த எதிராளியே வாங்கிக்கொடுத்த பஜ்ஜியைத் தின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வேலை போனது. அவள் அப்பா கோபப்பட்டார். அதில் நியாயம் இருந்தது. “படிப்புல தப்பு வந்தா அழிச்சு எழுதலாம். போன சம்பளத்த யாரு எழுதுறது?” என்று கேட்டுவிட்டுப் பல நாள் அவளோடு பேசவில்லை. அவள் காலையில் வெள்ளனே எழுந்து அவரோடு பூண்டு வயலுக்குப் போவாள். மத்தியானத்தில் எழுதுவாள். புதிதாக எழுதிய ஒவ்வொரு பகுதியையும் போனில் வாசித்துக் காட்டுவாள். கவுஞ்சியில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் நின்றுகொண்டு, காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்துவாள்: “நல்லாக் கேளு. ஆசையும் ‘வேண்டும்’ங்குது, காரணமும் ‘வேண்டும்’ங்குது. சொல்லு ஒன்னுதான், பேசுற ஆளு ரெண்டு! நான் ஒரே ஆளுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்.” இப்போது அவளுடைய பழைய கட்சியில் நின்று நானும், என் பழைய கட்சியில் நின்று அவளும் மாறி மாறி வாதாடினோம். அடுத்த பருவத்தில் அந்த அம்மையாரே மறுபடியும் வந்தார். கடினமான கேள்விகளாகக் கேட்டார். அவள் ஒன்றிலும் சிரிக்காமல், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பட்டத்தை வாங்கிக்கொண்டாள்.

பிறகு பெருமாள்மலைப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்ததும், அவர் அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளிடம் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டாம்: “மிஸ் சொன்னாங்கன்னு நம்பாதே. மிஸ் சொன்ன காரணம் சரியாயிருந்தா நம்பு.” அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுப்பாடமே எழுத வேண்டியதில்லை என்று நிரூபித்த ஒரு வகுப்பைப் பற்றி அவள் பெருமையோடு சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக அவளை மதுரை ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் பார்த்தேன். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் தலையணையை நிமிர்த்தச் சொன்னாள். “ஒன்னு கேக்குறேன். நான் போயிட்டா நீ அழுவியா?”

“என்ன பேச்சுடி இது?”

“சொல்லு.”

“அழுவேன்.”

“அழுவியா, அழணுமா?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவளுக்கும்தான். ஒருத்தர் இறந்ததற்கு மற்றவர் அழாவிட்டால் அது தப்பா, வெறும் வித்தியாசமா, அழுகைக்கும் காரணம் சரி, காரணம் சரியில்லை என்று உண்டா என்று அரை மணி நேரம் பேசினோம். நர்ஸ் வந்து, “ரெண்டு பேரும் சத்தத்தக் கொறைங்கம்மா, பேஷண்ட்டு யாருன்னே தெரியல” என்றார். போகும்போது கனகா சொன்னாள்: “பயமாத்தான் இருக்கு. ஆனா பேசுன நேரம் பூரா பயம் ஞாபகமே இல்ல, பாத்துக்க.”

கவுஞ்சிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கத் தயாராக இருந்தார்கள். அவள் அப்பா வாசலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. அவள் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வேன்களில் வந்திருந்தார்கள். தூக்கினார்கள். வயல்களுக்கு நடுவே கூட்டம் நகர்ந்தது. தெரு முடிகிற இடத்தில் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். என் கால் நிற்கவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் திரும்பி என்னைத் தடுத்தார். “அம்மா, பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாதும்மா.”

“ஏங்கய்யா?” என்றேன்.

சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. என் குரலில் அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். யோசித்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன்னு கேட்டா... எனக்குத் தெரியலியேத்தா” என்றார். பிறகு வரப்பில் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

கனகாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: யாரையும் தோற்கடிக்க நினைக்காமல் ‘ஏன்’ என்று கேட்க முடியும் என்பது, அப்படிக் கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் சொல்வார்கள் என்பது. வகுப்பிலும் வீட்டிலும் என்னால் முடிந்தவரை அப்படித்தான் கேட்கப்போகிறேன்.

அன்று அந்த வரப்பில் நான் நாலடி நடந்திருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கனகாவின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “இரு, நானும் வாரேன். எம் மகள நான் கொண்டுபோயி விடுறேன்” என்றார். நாங்கள் இருவரும் நடந்தோம்.